கெய்ரோவின் கண்ணாடி விளக்குகள்

2014-ம் ஆண்டு ஜனவரி 24-ம் தேதி, வெள்ளிக்கிழமை. கெய்ரோ நகரம் இன்னும் சரியாகக் கண் விழிக்கவில்லை. பாப் அல் கல்க் என்ற பகுதியில், போலீஸ் தலைமை அலுவலகத்தின் வாயிலில் பயங்கரமான வெடிச் சத்தம் கேட்டது. போலீசாரைக் குறி வைத்து மோட்டார் வண்டி ஒன்றில் கொண்டு வரப்பட்ட வெடிகுண்டு அது. உயிர்கள் பலியாயின. சாலையின் மறு பக்கத்தில், நூறு ஆண்டுகளுக்கு மேலாக நின்று வரும் இஸ்லாமியக் கலைப் பொருட்காட்சிசாலையும் அந்த அதிர்ச்சியில் குலுங்கிற்று. ஜன்னல்கள் சிதறின. கூரையின் பகுதிகள் சரிந்தன. அரும்பொருள்களைப் பூட்டி வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிகள் நொறுங்கின.

புகை அடங்கியதும் உள்ளே சென்றவர்கள் கண்டது தரையெங்கும் கண்ணாடித் துண்டுகள். அவற்றில் எது ஜன்னலின் கண்ணாடி, எது பெட்டியின் கண்ணாடி, எது 600 ஆண்டுகளுக்கு முன் ஒரு சுல்தானுக்காக ஊதிச் செய்த விளக்கின் கண்ணாடி என்று பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. மொத்தம் 179 பொருள்கள் சேதமடைந்தன. பல தேசத்தாரும் உதவிக்கு வந்தார்கள். 160 பொருள்களைத் திரும்ப உருவாக்க முடிந்தது. 2017 ஜனவரியில் பொருட்காட்சிசாலை மீண்டும் திறக்கப்பட்டது. மற்றவை போனது போனதுதான்.

மண் பானை உடைந்தால் ஓட்டைச் சேர்த்து ஒட்டலாம். பித்தளைப் பாத்திரம் நசுங்கினால் தட்டி நிமிர்த்தலாம். கண்ணாடி தூளானால் என்ன செய்வது? ஆகவேதான் அந்த விளக்குகளின் கதை மற்றக் கலைப் பொருள்களின் கதையைவிடச் சற்று அதிகமாக மனத்தைத் தொடுகிறது. உலகத்திலேயே எளிதில் உடையக்கூடிய ஒரு பொருளைக் கொண்டு, தங்கள் பெயரை என்றென்றும் நிலைக்கச் செய்ய முயன்ற மனிதர்களின் கதை அது.

பூச்சாடி அல்ல, விளக்கு!

இவ்விளக்கை முதல் முறையாகப் பார்ப்பவர்கள் அதைப் பூச்சாடி என்றே நினைப்பார்கள். உயரம் 10 அங்குலத்திலிருந்து 16 அங்குலம் வரை. மேலே வாய் அகன்று விரிந்திருக்கும். கழுத்து இடை போலக் குறுகும். அதன் கீழ் வயிறு பருத்து உருண்டிருக்கும். அடியில் ஒரு பீடம். வயிற்றைச் சுற்றி மூன்று அல்லது ஆறு கண்ணாடி வளையங்கள். அந்த வளையங்களில்தான் ரகசியம் இருக்கிறது. அவற்றில் சங்கிலிகளைக் கோத்து, மேலே ஒன்றாகச் சேர்த்து, பள்ளிவாசலின் உயரமான விதானத்திலிருந்து விளக்கைத் தொங்கவிடுவார்கள். அரபு மொழியில் இதற்குக் 'கிந்தீல்' என்று பெயர்.

எண்ணெயை இந்தப் பெரிய பாத்திரத்தில் நேராக ஊற்றுவதில்லை. உள்ளே சிறு கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கும். அதில் பாதிக்குத் தண்ணீர். அதன் மேல் எண்ணெய். தண்ணீரின் மேல் எண்ணெய் மிதக்கும் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். எண்ணெயில் நிற்கும் திரியை ஏற்றினால், எண்ணெய் உள்ள வரை எரிந்து, தீர்ந்ததும் தண்ணீரில் பட்டுத் தானே அணைந்து போகும். கண்ணாடி சூடேறி வெடிக்கும் பயமும் இல்லை. வெளியே உள்ள பெரிய பாத்திரம் காற்றைத் தடுக்கும் கூண்டாகவும், ஒளியைப் பரப்பும் திரையாகவும் பயன்பட்டது.

ஆனால் அது வெறும் கூண்டு அல்ல. அடி முதல் வாய் வரை நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளை நிறங்களில் எனாமல் வேலைப்பாடு. கொடிகளும் தாமரைகளும் பின்னிப் படர்ந்திருக்கும். இடையிடையே தங்கம் மின்னும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்து! கழுத்தைச் சுற்றி ஒரு வரி. வயிற்றைச் சுற்றி ஒரு வரி. நீண்டு நிமிர்ந்த அரபு எழுத்துக்கள் வேல் பிடித்த வீரர்களைப் போல அணி வகுத்து நிற்கும்.

ஒளியின் வசனம்

கழுத்தில் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் திருக்குர்ஆனின் 24-வது அத்தியாயத்தில் உள்ள 35-வது வசனத்தின் தொடக்கப் பகுதியாகும். அந்த அத்தியாயத்துக்கே 'ஒளி' என்பதுதான் பெயர். இறைவனே வானங்களுக்கும் பூமிக்கும் ஒளி என்று தொடங்கும் அவ்வசனம், அந்த ஒளிக்கு ஓர் உவமை கூறுகிறது. சுவரில் ஒரு மாடம், மாடத்தில் ஒரு விளக்கு, விளக்கைச் சூழ்ந்து கண்ணாடி, அந்தக் கண்ணாடியோ சுடர் விடும் நட்சத்திரத்தைப் போன்றது என்பது அதன் கருத்து. அவ்விளக்குக்கு எண்ணெய் தருவது ஜைத்தூன் என்னும் ஆலிவ் மரம்.

கண்ணாடி விளக்கைப் பற்றிய வசனத்தைக் கண்ணாடி விளக்கின் மேலேயே எழுதினார்கள் என்றால் அதைவிடப் பொருத்தம் வேறு என்ன வேண்டும்? விளக்கை ஏற்றியவுடன் அந்த உவமை கண் முன்னே மெய்யாகிறது.

கைவினைஞர்கள் இதில் இன்னொரு நுட்பமும் வைத்திருந்தார்கள். பல விளக்குகளில் கழுத்து எழுத்துக்கள் நீல எனாமலால் தடித்து எழுதப்பட்டிருக்கும். வயிற்றிலோ இதற்கு நேர் மாறு. அங்கே பின்புலம் முழுவதும் நீலம்; எழுத்துக்களுக்கு உரிய இடம் மட்டும் எனாமல் படாமல் விடப்பட்டு, ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடும் தங்கமும் தீட்டப்பட்டிருக்கும். பகலில் பார்த்தால் இரண்டும் அழகுதான். இரவில் உள்ளே சுடர் ஏறியதும் வேடிக்கையைப் பார்க்க வேண்டும்! எனாமல் ஒளியை மறைக்கும். வெறும் கண்ணாடி ஒளியை விடும். ஆகவே கழுத்தில் இறை வசனம் ஒளியின் நடுவே கருத்த எழுத்தாக நிற்கும். வயிற்றில் இருண்ட நீலத்தின் நடுவே எழுத்துக்கள் பொன்னாக எரியும்.

அப்படி எரியும் எழுத்துக்கள் என்ன சொல்கின்றன? விளக்கைச் செய்வித்தவரின் பெயரையும் பட்டங்களையும் சொல்கின்றன. எங்கள் தலைவராகிய சுல்தானுக்குப் புகழ் ஓங்குக, அவருடைய வெற்றி வளர்க என்ற பாணியில் அவை ஓடும். இறைவனின் ஒளி மேலே. அரசனின் பெயர் கீழே. இரண்டுக்கும் ஒரே திரி!

உலை வாயில்

13, 14-ம் நூற்றாண்டுகளில் சிரியாவும் எகிப்தும் மம்லூக் சுல்தான்களின் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. டமாஸ்கஸ், அலெப்போ நகரங்களின் கண்ணாடிக்கு நெடுந்தூரம் பெயர் இருந்தது. கெய்ரோவிலும் இவ்வேலை நடந்தது.

கண்ணாடிக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று மணல் அல்லது பொடி செய்த வெண்கல். மற்றொன்று பாலைவன ஓரங்களிலும் உவர் நிலங்களிலும் வளரும் செடிகளை எரித்து எடுக்கும் சாம்பல். அந்தச் சாம்பலில் உள்ள காரம்தான் மணலை உருகச் செய்கிறது. உருகிய குழம்பை இரும்புக் குழாயின் நுனியில் எடுத்து வாயால் ஊதி, சுழற்றிச் சுழற்றிப் பாத்திரமாக்குவார்கள். பீடத்தையும் வளையங்களையும் தனியே ஒட்டுவார்கள். இவ்விளக்குகளின் கண்ணாடியை உற்றுப் பார்த்தால் இலேசான தேன் நிறமும், உள்ளே சிறு சிறு குமிழிகளும் தெரியும். சில விளக்குகள் ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்தும் இருக்கும். இயந்திரம் செய்ததல்ல, மனிதன் மூச்சு விட்டுச் செய்தது என்பதற்கு அவையே சாட்சி.

பாத்திரம் ஆறிய பின் அலங்காரம் ஆரம்பமாகும். எனாமல் என்பதும் ஒரு வகைக் கண்ணாடியே. நிறம் ஏற்றிய கண்ணாடியை மாவாக அரைத்துக் குழைத்துத் தூரிகையால் தீட்டுவார்கள். வெண்மைக்கு வெள்ளீயம், சிவப்புக்கு இரும்பின் துரு, பச்சைக்குச் செம்பு என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உலோகம் உதவியது. நீலத்துக்குக் கோபால்ட் உண்டு. ஆனால் சில விளக்குகளின் நீலத்தை இக்காலத்து விஞ்ஞானிகள் சோதித்தபோது, அது ஆப்கானிஸ்தான் மலைகளில் வெட்டியெடுக்கும் 'லாப்பிஸ் லாஜுலி' என்ற நீலக் கல்லைப் பொடி செய்து சேர்த்தது என்று தெரிய வந்தது. கெய்ரோவின் விளக்குக்குக் காபூலுக்கு அப்பாலிருந்து நீலம் வந்திருக்கிறது!

இனித்தான் கண்டம். தீட்டிய எனாமல் கண்ணாடியோடு ஒன்றிப் பிடிக்க வேண்டுமானால் மறுபடியும் தீயில் காட்ட வேண்டும். எனாமல் உருக வேண்டும்; ஆனால் பாத்திரம் உருகிவிடக் கூடாது. எனாமலும் கண்ணாடி, பாத்திரமும் கண்ணாடி. ஒன்றை உருக்கி மற்றொன்றைக் காப்பாற்றுவது எப்படி? எனாமலில் ஈயம் சேர்த்தார்கள். ஈயம் சேர்ந்த கண்ணாடி சற்றுக் குறைந்த சூட்டிலேயே இளகும். அந்தச் சிறு இடைவெளிதான் கைவினைஞனின் உயிர்நாடி. விளக்கை மீண்டும் இரும்புக் கோலில் ஒட்டி, உலையின் வாயில் நீட்டி, நிறுத்தாமல் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் கை ஓய்ந்தால் பாத்திரம் தொய்ந்து போகும். ஒரு கணம் முன்னதாக எடுத்தால் நிறம் ஒட்டாது. வெப்பமானி இல்லாத காலம் அது. கண்ணும் பழக்கமும்தான் அளவுகோல்.

இத்தனை பாடுபட்டவர்கள் தங்கள் பெயரை எழுதிக்கொள்ளவில்லை. விதிவிலக்காக, நியூயார்க் மெட்ரோபாலிடன் பொருட்காட்சிசாலையில் உள்ள ஒரு விளக்கில், அலீ இப்னு முஹம்மது என்ற கைவினைஞரின் பெயர் அடக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த விளக்கு யாருக்காகச் செய்யப்பட்டது என்பது சுவையான தனிக் கதை.

அடிமைகள் ஆண்ட நாடு

'மம்லூக்' என்ற சொல்லுக்கே உடைமையாக்கப்பட்டவன், அதாவது அடிமை, என்று பொருள். கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளிகளிலிருந்து சிறுவர்களை விலைக்கு வாங்கி வருவார்கள். அவர்களுக்கு மார்க்கக் கல்வியும், குதிரையேற்றமும், வில் வித்தையும் கற்பித்துப் போர் வீரர்களாக்கி, பின்னர் விடுதலை செய்வார்கள். திறமை உள்ளவன் அமீர் ஆவான். அதிர்ஷ்டமும் சேர்ந்தால் சுல்தானே ஆவான். 1250 முதல் 1517 வரை எகிப்தை ஆண்டவர்கள் இப்படி வந்தவர்களும் அவர்கள் வழியில் வந்தவர்களும்தான்.

அரண்மனையில் ஓர் இளைஞன் முதலில் பார்த்த உத்தியோகம் எதுவோ, அதன் சின்னத்தைப் பிற்காலத்தில் தன் விருதாக வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். சுல்தானுக்குப் பானம் கொடுத்தவனுக்குக் கிண்ணம்; ஆயுதம் தாங்கியவனுக்கு வாள்; எழுத்து வேலை செய்தவனுக்கு எழுதுகோல் பெட்டி; போலோ ஆட்டத்தைக் கவனித்தவனுக்கு வளைந்த கோல்கள். எவ்வளவு உயர்ந்த பதவிக்கு வந்தாலும் அந்தப் பழைய ஏவல் வேலையின் சின்னத்தை அவர்கள் மறைக்கவில்லை. அதையே வட்டத்துக்குள் வரைந்து விளக்கில் பொறித்தார்கள். வந்த வழியை மறவாத பெருமை அது.

மெட்ரோபாலிடன் பொருட்காட்சிசாலையில் உள்ள மற்றொரு விளக்கில் இரண்டு விற்கள் வரையப்பட்டிருக்கின்றன. அது 1285-ல் காலமான அமீர் ஐதகீன் என்பவரின் சமாதிக் கட்டடத்துக்காகச் செய்யப்பட்டது. வில் ஏந்தும் உத்தியோகம் பார்த்ததால் அவருக்குப் 'புந்துக்தார்' என்று பட்டம். அவர் ஒரு காலத்தில் ஓர் அடிமைச் சிறுவனை விலைக்கு வாங்கினார். அந்தச் சிறுவனுக்கும் எஜமானின் பட்டம் ஒட்டிக்கொண்டது. அவன்தான் பின்னர் 1260-ல் அரியணை ஏறிய புகழ் பெற்ற சுல்தான் பைபர்ஸ் அல் புந்துக்தாரி! வாங்கிய எஜமான், வாங்கப்பட்டவனின் கீழ் அமீராக வேலை பார்த்தார். சுல்தான் 1277-ல் இறந்தார். எஜமான் அவருக்குப் பின்னும் 8 ஆண்டுகள் வாழ்ந்தார். சின்னஞ் சிறு விளக்கில் இருக்கும் அந்த இரு விற்கள் இந்த விசித்திரத்தை நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றன.

தோல் வியாபாரியின் ஏற்றமும் வீழ்ச்சியும்

கைவினைஞர் அலீயின் பெயர் தாங்கிய விளக்கு அமீர் கவ்சூனுக்காகச் செய்யப்பட்டது. உயரம் சுமார் 14 அங்குலம். அதில் உள்ள சின்னம் கிண்ணம்.

கவ்சூன் அடிமையாக வரவில்லை. 1320-ல் மங்கோலிய இளவரசி ஒருத்தி சுல்தான் அந்நாஸிர் முஹம்மதை மணப்பதற்காக எகிப்துக்கு வந்தபோது, அந்தப் பரிவாரத்தோடு தோல் சாமான்கள் விற்க வந்த வாலிபர் அவர். சுல்தானின் கண் அவர் மேல் விழுந்தது. விலை கொடுத்துத் தம் மம்லூக்குகளில் ஒருவராக்கிக்கொண்டார். பானம் கொடுக்கும் உத்தியோகம் கிடைத்தது. பிறகு அமீர் பதவி. பிறகு சுல்தானின் மகளையே மணந்துகொண்டார். 1330-ஐ ஒட்டிக் கெய்ரோவில் பெரிய பள்ளிவாசல் ஒன்றைக் கட்டினார். விளக்கு அந்தக் காலத்தைச் சேர்ந்தது.

1341-ல் சுல்தான் கண் மூடினார். அவருடைய பிள்ளைகளை அரியணையில் வைத்துக் கவ்சூனே நாட்டை நடத்தினார். ஆனால் ஏறிய வேகத்திலேயே இறக்கமும் வந்தது. மற்ற அமீர்கள் திரண்டார்கள். ஜனங்கள் அவருடைய மாளிகையைச் சூறையாடினார்கள். 1342-ல் அலெக்ஸாண்டிரியா சிறையில் அவர் உயிர் போயிற்று. அவர் கட்டிய பள்ளிவாசலின் பெரும் பகுதியும் 19-ம் நூற்றாண்டில் புதிய சாலை போட்டபோது மறைந்தது. மாளிகை போயிற்று, பதவி போயிற்று, பள்ளிவாசலும் போயிற்று. காற்றில் அசைந்தாலே உடைந்துவிடும் என்று தோன்றும் விளக்கு மட்டும் கடல் தாண்டிப் பத்திரமாக இருக்கிறது!

எண்ணெய்க்கு மானியம்

அமீர்களும் சுல்தான்களும் இவ்வளவு பள்ளிவாசல்களையும் மதரஸாக்களையும் சமாதிகளையும் ஏன் கட்டினார்கள்? பக்தி ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. மம்லூக்கின் பதவி மகனுக்குப் போகாது. சொத்தோ, எஜமானர் கோபித்தால் ஒரே நாளில் பறிபோகும். ஆனால் 'வக்பு' என்ற தர்ம சாசனம் எழுதி வைத்த சொத்தில் கை வைப்பது எளிதல்ல. கடை வாடகையும் நில வருமானமும் தர்மத்துக்குப் போக, அதை நிர்வகிக்கும் உரிமை சந்ததிக்கு இருக்கும்.

அந்தச் சாசனங்களில் செலவுக் கணக்கு நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கும். ஆசிரியருக்கு இவ்வளவு, மாணவருக்கு இவ்வளவு, தொழுகைக்கு அழைப்பவருக்கு இவ்வளவு, துப்புரவு செய்பவருக்கு இவ்வளவு. விளக்கு ஏற்றுவதற்கென்றே தனி ஊழியர் உண்டு. அவருக்கும் சம்பளம், எண்ணெய்க்கும் பணம். அழகிய விளக்கு அரசன் பெயரைச் சொல்லிற்று. ஆனால் அந்தப் பெயர் இரவில் எரிவதற்கு ஒரு சாதாரண விளக்கேற்றியின் கை வேண்டியிருந்தது. சங்கிலியை எட்டிப் பிடித்து, கிண்ணத்தைத் துடைத்து, தண்ணீரும் எண்ணெயும் ஊற்றித் திரியிட்ட அந்தக் கைகள் எச்சரிக்கையான கைகளாக இருந்திராவிட்டால், இன்று பொருட்காட்சிசாலைகளில் பார்ப்பதற்கு ஒரு விளக்கும் மிஞ்சியிராது.

சுல்தான் ஹசன் காணாத கல்லறை

இன்று உள்ள விளக்குகளில் மிகப் பலவற்றில் காணப்படும் பெயர் சுல்தான் ஹசன் என்பது. 1347-ல் அவர் அரியணை ஏறியபோது வயது சுமார் 12. மறு ஆண்டே உலகைக் குலுக்கிய பெரும் பிளேக் நோய் கெய்ரோவில் புகுந்தது. குடும்பம் குடும்பமாக ஜனங்கள் மடிந்தார்கள். வாரிசு இல்லாதவர்களின் சொத்து அரசாங்கத்துக்கு வந்து சேர்ந்தது. 1351-ல் ஹசனை அமீர்கள் இறக்கினார்கள். 1354-ல் மீண்டும் ஏற்றினார்கள். 1356-ல் அவர் கோட்டைக்கு எதிரே ஒரு பெருங் கட்டடத்தைத் தொடங்கினார்.

பள்ளிவாசலும் மதரஸாவும் சமாதியும் சேர்ந்த அந்தக் கட்டடம் 150 மீட்டர் நீளம். இஸ்லாமியச் சட்டத்தின் நான்கு பிரிவுகளுக்கும் நான்கு கல்லூரிகள் அதில் அமைந்தன. நடு முற்றத்தின் நான்கு பக்கங்களிலும் மலைக் குகைகளைப் போன்ற உயர்ந்த வளைவுக் கூடங்கள். அந்தக் கூடங்களில்தான் எனாமல் விளக்குகள் வரிசை வரிசையாகத் தொங்கின. நாடே நோயில் நலிந்திருந்த காலத்தில் அந்தக் கைவினை தளராமல் நடந்தது என்பது வியப்புக்குரியது.

1361-ல் அக்கட்டடத்தின் ஸ்தூபிகளில் ஒன்று இடிந்து விழுந்தது. கீழே பள்ளிக்கூடத்தில் இருந்த அநாதைச் சிறுவர்கள் உட்பட சுமார் 300 பேர் மாண்டதாகச் சரித்திர ஆசிரியர் மக்ரீஸி எழுதியிருக்கிறார். ராஜ்யத்துக்கே கெட்ட சகுனம் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். 33 நாட்களில் சுல்தான் கொல்லப்பட்டார். அவருடைய உடல் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. குவிமாடத்தின் கீழ் அவருக்காகக் கட்டிய சமாதியில் அவர் இல்லை. அவருடைய இரு புதல்வர்கள்தான் உறங்குகிறார்கள்.

சுல்தானுக்கு வெற்றி வளர்க என்று அவருடைய விளக்குகள் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தன.

விற்றவர் வாங்கினார்

14-ம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட சுல்தான் பர்கூக்கின் பெயரிலும் பல விளக்குகள் இருக்கின்றன. அதற்குப் பின் சுவடு திடீரென மெலிந்து போகிறது. ஏன்?

1401-ல் தைமூர் டமாஸ்கஸைச் சூறையாடிக் கொளுத்தினான். அந்நகரின் சிறந்த கைவினைஞர்களைப் பொறுக்கி எடுத்துத் தன் தலைநகரான சமர்கந்துக்கு ஓட்டிச் சென்றான். 1404-ல் அங்கே சென்ற ஸ்பெயின் தூதர் கிளாவிஹோ, டமாஸ்கஸிலிருந்து கொண்டு வரப்பட்டவர்களில் கண்ணாடி வேலைக்காரர்களும் இருந்தார்கள் என்று குறித்திருக்கிறார். ஆனால் பழியை எல்லாம் தைமூர் தலையில் போட்டுவிட முடியாது. திரும்பத் திரும்ப வந்த பிளேக், நைல் நதியில் நீர் குறைந்து உண்டான பஞ்சம், பண மதிப்பின் வீழ்ச்சி எல்லாம் சேர்ந்து எகிப்தின் செல்வத்தை அரித்தன. வாங்குவோர் இல்லாத இடத்தில் உயர்ந்த கலை எப்படி நிற்கும்?

இதற்கிடையில் கடலுக்கு அப்பால் வெனிஸ் நகரம் விழித்துக்கொண்டிருந்தது. சிரியாவின் கரையில் உடைந்த கண்ணாடியைக்கூட வாங்கிக் கப்பலேற்றியவர்கள் வெனிஸ்காரர்கள். 1277-ல் அவர்கள் திரிபோலியின் சிலுவைப்போர்ப் பிரபுவோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் உடைந்த கண்ணாடிக்கு உரிய வரியும் பேசப்படுகிறது. சிரியாவின் செடிச் சாம்பலையும் மூட்டை மூட்டையாகக் கொண்டு போனார்கள். 1291-ல் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றினார்கள். பிறகு எனாமல் வேலையிலும் கை தேர்ந்தார்கள்.

முடிவு என்ன தெரியுமா? 1569-ல் துருக்கியின் பிரதம மந்திரி சொகுல்லு மெஹ்மத் பாஷா பள்ளிவாசல் விளக்குகள் வேண்டுமென்று வெனிஸுக்கு ஆர்டர் கொடுத்தார். ஒன்றல்ல, இரண்டல்ல, 900 விளக்குகள்! எப்படி இருக்க வேண்டும் என்று படமும் வரைந்து அனுப்பப்பட்டது. அக்காலத்தில் சிரியாவும் எகிப்தும் துருக்கியின் ஆட்சியில்தான் இருந்தன. எந்த நாட்டிலிருந்து வித்தை போயிற்றோ அந்த நாட்டை ஆண்டவர்களே, வித்தையைக் கற்றுக்கொண்டவர்களிடம் விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று.

சிரியாவிலிருந்து மேற்கே போன கண்ணாடிகளில் ஒன்றுக்கு விசேஷமான கதை உண்டு. இங்கிலாந்தின் வடக்கே எடன்ஹால் என்ற மாளிகையில், 14-ம் நூற்றாண்டு எனாமல் குவளை ஒன்றை ஒரு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தார்கள். அது தேவதைகள் விட்டுச் சென்றது என்றும், குவளை உடைந்தால் குடும்பத்தின் அதிர்ஷ்டமும் போய்விடும் என்றும் நம்பினார்கள். 1934-ல் அந்த மாளிகை இடிக்கப்பட்டது. குவளைக்கு ஒரு கீறலும் இல்லை. இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது.

மீண்டும் ஒரு மோகம்

பல நூற்றாண்டுகள் கெய்ரோவின் பழைய பள்ளிவாசல்களில் தூசு படிந்து தொங்கிய விளக்குகள் மேல் 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பியரின் பார்வை விழுந்தது. பிரபுக்களும் வங்கி முதலாளிகளும் போட்டி போட்டு வாங்கினார்கள். பாரிஸில் பழம்பொருள்களைச் செப்பனிடும் தொழில் செய்துவந்த பிலிப் ஜோஸப் புரோக்கார் என்பவர், பழைய எனாமல் கண்ணாடியைக் கண்டு மயங்கி, அந்த மறைந்த வித்தையைத் தாமே சோதித்துச் சோதித்துப் பிடித்தார். 1867-ல் பாரிஸில் நடந்த சர்வதேசப் பொருட்காட்சியில் அவருடைய வேலை பாராட்டுப் பெற்றது. பின்னர் உலகப் புகழ் பெற்ற பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் எமில் காலேயும் இதனால் உணர்ச்சி பெற்றார். புரோக்கார் தம் பெயரை எழுதியே விற்றார். அவரைப் போல எல்லோரும் நேர்மையாக இருக்கவில்லை. புதியதைப் பழையதென்று விற்றவர்களும் உண்டு.

பள்ளிவாசல்களிலிருந்து விளக்குகள் ஒவ்வொன்றாக மறைந்து வியாபாரிகளின் கைக்குப் போவதைக் கண்ட எகிப்தில் 1881-ல் பழங் கட்டடங்களைக் காக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. மிச்சமிருந்த விளக்குகளும் மற்றப் பொருள்களும் முதலில் அல் ஹாக்கிம் பள்ளிவாசலில் சேர்த்து வைக்கப்பட்டன. 1903-ல் பாப் அல் கல்கில் அவற்றுக்கென்று புதிய கட்டடம் திறக்கப்பட்டது. மம்லூக் கண்ணாடி விளக்குகளின் தொகுதிகளில் உலகிலேயே பெரியது அங்கேதான் உருவாயிற்று. 1929-ல் காஸ்தோன் வியேத் என்ற பிரெஞ்சு அறிஞர் அவற்றையெல்லாம் வரிசைப்படுத்தி, எழுத்துக்களைப் படித்து, விரிவான பட்டியல் ஒன்றை வெளியிட்டார்.

திருடரிடமிருந்தும் வியாபாரியிடமிருந்தும் காப்பதற்காகக் கட்டிய கட்டடம் அது. அதன் எதிரே ஒரு நாள் வெடிகுண்டு வெடிக்கும் என்று அன்று யார் நினைத்தார்கள்? 2014-ல் நொறுங்கிய கண்ணாடிகளுக்கு வியேத் போன்றவர்கள் எழுதி வைத்த வர்ணனைகளும், எடுத்து வைத்த படங்களும்தான் வழிகாட்டியாயின. துண்டுகளைப் பொறுக்கி, கழுவி, ஓரத்தோடு ஓரம் பொருத்தி, எழுத்தோடு எழுத்தைச் சேர்த்து ஒட்டினார்கள். உலை வாயில் கண் இமைக்காமல் நின்ற பழைய கைவினைஞனின் பொறுமைக்கு அந்தப் பொறுமை குறைந்ததல்ல.

சங்கிலிகள் காத்திருக்கின்றன

இன்றும் சுல்தான் ஹசன் பள்ளிவாசலுக்குள் நுழைபவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். வளைவுக் கூடங்களின் விதானத்திலிருந்து நீண்ட சங்கிலிகள் மழைத் தாரைகளைப் போலக் கீழே இறங்குகின்றன. அவற்றின் நுனியில் இப்போது இருப்பவை சாதாரணக் கண்ணாடிக் கூண்டுகள். சுல்தானின் பெயர் பொறித்த விளக்குகள் கெய்ரோ பொருட்காட்சிசாலைக்கும் உலகத்தின் பல மூலைகளுக்கும் போய்விட்டன.

அங்கே அவை பத்திரமாக இருக்கின்றன. மின்சார விளக்கின் கீழ் நிறம் நிறமாக மின்னுகின்றன. ஆனால் ஒளி இப்போது வெளியிலிருந்து அவற்றின் மேல் விழுகிறது. உள்ளே சுடர் இல்லை. கழுத்தில் வசனம் கருத்து நிற்க, வயிற்றில் பெயர் பொன்னாக எரிய, தலைக்கு மேலே நூறு நட்சத்திரங்கள் அசைய, அதன் கீழே அமர்ந்து ஏடு படித்த ஏழை மாணவன் கண்ட அழகைக் கோடி கொடுத்து விளக்கை வாங்கியவர்கள்கூட ஒரு நாளும் கண்டதில்லை.